நிரோஷாவின் பெயரில் ஒரு ஞாயிறு

விளையாட்டுப் பூங்காக்களில் இயந்திரத்தால் விடுகிற புகைக்கு ஓர் இனிப்பு மணம் உண்டு. சீனி கருகும்போது எழுவதைப் போன்ற, ஆனால் கருகலின் கசப்பு இல்லாத மணம். மூக்கின் அடியில் வந்து ஒட்டிக்கொண்டு வீடு வரை கூடவே வரும். அதனோடு நனைந்த வைக்கோலும், இங்கே 'மரோனி' என்று கூவி விற்கிற சுட்ட கஷ்கொட்டையும், கத்தியால் குடைந்து முகம் வெட்டிய பூசணிக்காயின் பச்சை வாசமும் சேர்ந்துவிட்டால் எனக்கு உடனே பதினொரு வயதாகிவிடும். பெயரும் மாறிவிடும்.

கடந்த மாதம் என் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, எல்லைக்கு அப்பால் ஜேர்மனியில் இருக்கும் ஒரு பெரிய பூங்காவுக்குப் போனேன். ஒக்டோபர் பிறந்தால் அங்கே ஹலோவீன். வாசலிலிருந்து கடைசி ராட்டினம் வரை பூசணியும் எலும்புக்கூடும் புகையுமாக இருக்கும். கூட வந்தவள் என் பெரியம்மாவின் மகள் நிரோஷா. வரிசையில் நின்றபோது அவள் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு விடயம் இன்னும் எனக்குள் செமிக்காமல் கிடக்கிறது. பிள்ளைகளின் தாயாகி, நரை விழுந்து, அலுவலகத்தில் பத்துப் பேருக்கு வேலை சொல்கிற ஒருத்திக்கு இப்படியொரு பொறாமை வரலாமா என்று நினைக்கையில் வெட்கமாகவும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதானால் நாங்கள் இருவரும் சிறுமிகளாக இருந்த ஓர் இலையுதிர்காலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்போது நாங்கள் சுவிஸின் ஓல்டன் நகரில், ரயில் தண்டவாளங்களைப் பார்த்தபடி நிற்கும் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். அப்பாவுக்கு ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை; அம்மாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. எங்களிடம் இருந்தது 'எஃப்' விசா. அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டு, திருப்பி அனுப்பவும் முடியாமல், தற்காலிகமாக இருக்கவிட்டவர்களுக்குக் கொடுக்கும் அட்டை அது. அதை வைத்துக்கொண்டு சுவிஸுக்குள் எங்கும் போய்வரலாம். எல்லையைத் தாண்ட முடியாது. அதற்கு மேலான 'பி' விசாவுக்கு அப்பா எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். "ஒரு சின்னப் பிழை எண்டாலும் எல்லாம் போச்சு" என்பதுதான் அந்த வருடம் முழுவதும் அவர் வாயில் இருந்த பேச்சு. தெருவில் ஒரு வாகனமும் இல்லாத நேரத்திலும் பச்சை விளக்கு வரும்வரை எங்களை நிறுத்தி வைப்பார். ரயிலில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே, பரிசோதகர் வந்தால் எழுந்து நிற்பார்.

அந்தக் காலத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்துகளின் வரிசை வேறாக இருந்தது. புதன்கிழமைப் பின்னேரங்களில் தமிழ்ப் பாடசாலையில் ரீச்சர் அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்க, வாங்கில் இருந்த நாங்கள் விசாவில் யார் 'என்', யார் 'எஃப்', யார் 'பி', யார் 'சி' என்பதை மனப்பாடமாக வைத்திருந்தோம். அந்த எழுத்துகள் எல்லாவற்றுக்கும் மேலே சுவிஸ் குடிமக்களின் 'சிவப்புப் பாஸ்போட்' இருந்தது. எங்கள் சொந்தத்துக்குள் முதன்முதலில் அதை எடுத்தவர்கள் பெரியம்மா குடும்பத்தினர்.

பெரியம்மா என் அம்மாவின் ஒரேயொரு அக்கா. பீல் நகரில் இருந்தார்கள். எங்களுக்கு வெகு முன்பே வந்து சேர்ந்துவிட்ட பெரியப்பாவுக்கு அங்கே மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை. அவர்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள்: என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்பதற்காகவே 'அக்கா' என்று என்னைக் கூப்பிட வைத்த தர்சினி, என் வயதேயான நிரோஷா. நிரோ சாது. தர்சிதான் என் வருத்தம் முழுவதற்கும் பொறுப்பு.

முந்தைய இலையுதிர் விடுமுறையில் அவர்கள் அந்தப் பூங்காவுக்குப் போய்வந்திருந்தார்கள். உச்சியிலிருந்து தலைகுப்புறப் பாய்கிற வண்டியொன்றில் அக்காவும் தங்கையும் கைகளைத் தூக்கி, வாயைப் பிளந்தபடி இருக்கும் படம் ஒன்றைத் தர்சி வைத்திருந்தாள். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் படமும் வரும்.

"பயமாயிருந்ததோ, அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கென்ன பயம்? உனக்கெண்டால் மூத்திரம் போயிருக்கும்," என்றாள். பிறகு இரக்கப்படுகிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டு, "உனக்கு அந்தக் கவலை இல்லைத்தானே. நீங்கள் எஃப். உங்களை விடாங்கள்," என்றாள்.

பெரியவர்கள் பொறாமையை வயிற்றெரிச்சல் என்கிறார்கள். எனக்கு அது பல்லில் வந்தது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் புளி கடித்ததுபோலப் பற்கள் கூசின. அவளுடைய சப்பாத்து, அவளுடைய பென்சில் பெட்டி, அவளுடைய வீட்டில் இருந்த குளியல் தொட்டி எல்லாவற்றிலும் எனக்குக் கண் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும்விட அதிகமாக நான் பொறாமைப்பட்டது பெரியம்மாவைப் பார்த்துத்தான். பெரியம்மா வேலைக்குப் போகவில்லை. சனி ஞாயிறுகளில் பிள்ளைகளோடு வீட்டில் இருப்பார். முதியோர் இல்லத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்பதால் எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில்கூட அம்மா பாணும் தேநீரும் கட்டிலருகே வைத்துவிட்டு, "அழாமல் கிடக்கவேணும், நான் ஓடிவாறன்," என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அடுத்த வருடமும் பெரியப்பா டிக்கெட் எடுத்திருந்தார். போகவிருந்த ஞாயிறுக்கு முந்தைய நாள் நிரோவுக்குக் கொப்புளிப்பான் போட்டுவிட்டது. எடுத்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது. வீட்டில் நின்றால் தர்சி கூரையைப் பிடுங்கிவிடுவாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது அகதி முகாமில் இருந்த காலத்திலேயே வந்து போயிருந்ததால், நிரோவை எங்களோடு விட்டுவிட்டுப் போவதென்றும், அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் நான் அவளோடு இருப்பதென்றும் முடிவாயிற்று. பீலிலிருந்து பாசல் எல்லைக்குப் போகிற வழியில்தான் ஓல்டன் இருக்கிறது.

அப்பா வேலைக்குப் போன பிறகு அவர்கள் வந்தார்கள். போர்வைக்குள் சுருண்டிருந்த நிரோவைப் பெரியப்பா தூக்கிவந்து என் கட்டிலில் கிடத்தினார். நான் கதவோரம் நின்று தர்சியின் புதுத் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டிக்கெட் ஒண்டு சும்மா போகுது," என்றார் பெரியம்மா, என்னைக் காட்டி அம்மாவிடம். "சுபாவை விடன்."

"என்னக்கா கதைக்கிறியள்? எல்லையிலை இவளுக்கு என்னத்தைக் காட்டுறது?"

"நிரோவின்ரை ஐடியிலை வரட்டும்," என்றார் பெரியப்பா. "அதிலை இருக்கிறது அவள் சின்னப்பிள்ளையாய் இருக்கேக்கை எடுத்த படம். எனக்கே சிலவேளை ஆரெண்டு தெரியாது. உவங்களுக்கு எங்கடை பிள்ளையள் எல்லாம் ஒரே முகம்தான்!" சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "பிடிபட்டால்? இவர் பி-க்குப் போட்டிருக்கிறார், அத்தான்."

"பாவம், விடுங்கோ அம்மா," என்றாள் தர்சி பெரியம்மாவிடம். "அவள் சும்மாவே பயந்தாங்கொள்ளி. அங்கை நிண்டு அழுவாள்."

அம்மா தர்சியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. ஆனால் அம்மாவின் முகத்தில் அப்போது வந்ததை இன்று என்னால் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடியும். அது என்னிடம் இருந்த அதே சாமான்தான். அக்காவின் பழைய சட்டை, அக்காவின் பழைய புத்தகம், அக்கா வந்து சேர்ந்த நாட்டுக்குப் பின்னால் வந்தது என்று வாழ்நாள் முழுவதும் ஒருத்தியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தவரின் முகம்.

"என்ர பிள்ளை மட்டும் ஏன் எந்தநாளும் படம் பாத்துக்கொண்டு நிக்கவேணும்?" என்றார். "போகட்டும். அப்பாவுக்கு ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது."

நிரோவின் ஊதா நிற ஜாக்கெட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார்கள். அவளுடைய காய்ச்சலின் சூடு அதற்குள் இன்னும் இருந்தது. அம்மா அதன் பித்தானைப் பூட்டியபடி என் காதில், "என்ன கேட்டாலும் பெரியம்மாவின்ரை கையை விடாதை," என்றார். அவருடைய விரல்கள் பித்தானில் வழுக்கிக்கொண்டே இருந்தன.

காரில் ஏறியதும் பெரியப்பா பாடம் எடுக்கத் தொடங்கினார். தர்சி முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் பெரியம்மாவும் பின்னால்.

"பேர் என்ன?"

"நிரோஷா."

"எங்கை இருக்கிறாய்?"

"பீலிலை."

"ரீச்சரின்ரை பேர்?" அதற்குத் தர்சி முந்திக்கொண்டு விடை சொல்லி, எனக்கு நினைவு நிற்காது என்று பந்தயமும் கட்டினாள்.

"அம்மாவின்ரை பேர்?"

நான் என் அம்மாவின் பெயரைச் சொன்னேன். பெரியப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பெரியம்மா என் பக்கம் திரும்பி, என் கன்னத்தில் கை வைத்து, "அம்மா நானெல்லோ?" என்றார். "கூப்பிடு பாப்பம்."

மீன்முள் தொண்டையில் நின்றதுபோல இருந்தது. "அம்மா," என்றேன்.

"இன்னொருக்கா."

"அம்மா."

"அப்பிடித்தான். அங்கை போயும் அப்பிடித்தான் கூப்பிடவேணும். பழகாட்டில் திரும்பி வரேக்கை வாய் தடுமாறும்."

எல்லையில் ஜேர்மன் அதிகாரி எங்கள் காரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கையை அசைத்து அனுப்பிவிட்டார். அத்தனை ஆயத்தமும் வீணாகப் போனதில் எனக்குச் சிறு ஏமாற்றம்கூட.

பூங்காவின் வாசலில் முகம் வெட்டிய பூசணிக்காய்கள் மலைபோல அடுக்கியிருந்தன. பெரியம்மா அப்படியே நின்றுவிட்டார். "கடவுளே, இவங்களுக்கும் கண்ணூறு இருக்கோ?" என்றார். "நாங்கள் வீட்டுக்கு ஒண்டு கட்டுவம். உவங்கள் ஊருக்கே கட்டி வைச்சிருக்கிறாங்கள்!" பெரியப்பா, "எங்கடை காருக்கு ஒண்டு கேட்டுப் பாக்கட்டோ?" என்றார். நான் சிரித்தேன்; மனதுக்குள், நான் தர்சியின் மேல் வைத்திருக்கிற கண்ணுக்கு இந்த மலை முழுவதும் காணாது என்றும் நினைத்தேன்.

ஆனால் அன்றைய பகல் நகர நகர அந்தக் கண் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. நான்தான் இப்போது அவர்களில் ஒருத்தியாகிவிட்டேனே. தர்சிக்குக் கிடைத்த எல்லாம் எனக்கும் கிடைத்தது. கார் தரிப்பிடத்துக்குப் போய் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரியம்மா கொண்டுவந்த ரோல்ஸும் கட்லட்டும் சாப்பிட்டபோது எனக்கும் இரண்டு. அந்தத் தலைகுப்புறப் பாயும் வண்டியில் எனக்கும் ஒரு படம். மூக்கு ஒழுகினால் துடைக்க ஒரு கை வந்தது. "நிரோ, கழுத்தை மூடு. நிரோ, ஓடாதை பிள்ளை." பெரியம்மாவின் கை கிறீம் பூசிய, தரை துடைக்கிற மருந்துத் தண்ணீர் படாத கை. அவர் அவசரப்படவேயில்லை, நேரத்தைப் பார்க்கவேயில்லை. மத்தியானத்துக்குப் பிறகு 'அம்மா' என்ற சொல் முள்ளாக இல்லை. தேவையில்லாத இடத்திலும் அது வந்தது. "அம்மா, அதைப் பாருங்கோ." "அம்மா, தண்ணி." ஒவ்வொரு தடவையும் தர்சி திரும்பிப் பார்த்தாள்.

பொழுது சாயத் தொடங்கியதும் 'பேய்த் தெரு' என்று அடைத்து வைத்திருந்த பாதையைத் திறந்தார்கள். இரண்டு பக்கமும் இடிந்த வீடுகள், வைக்கோல், கால் தெரியாதபடி அந்த இனிப்புப் புகை. நடுவழியில், கிழிந்த அங்கியும் உருகின முகமுமாக ஒன்று புகையிலிருந்து எழுந்து நேரே எங்கள் மேல் பாய்ந்தது. வேடம் போட்ட யாரோ ஒரு பெடியன்தான். அது எனக்கும் தெரியும். ஆனாலும் நானும் தர்சியும் ஒரே நேரத்தில் அலறி, ஒரே திசையில் ஓடினோம். நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். பெரியம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகத்தை அவருடைய கோட்டுக்குள் புதைத்து, "அம்மா அம்மா" என்று விம்மினேன். அவர் இரண்டு கைகளாலும் என் தலையை மூடிக்கொண்டார். "ஒண்டுமில்லையடா, ஒண்டுமில்லை, அம்மா நிக்கிறன்."

கொஞ்சம் பொறுத்து நிமிர்ந்து பார்த்தபோது தர்சி ஓரடி தள்ளி, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். தன் தாய்க்கு இரண்டு கைதான் என்பதை அன்றுதான் கண்டவள் போல நின்றாள்.

"உன்ர அம்மா ஓல்டனிலை," என்றாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்ததென்று சொல்ல முடியாது. ஒரு வருடமாகப் பல்லில் இருந்த கூச்சம் அப்படியே அவளுடைய பல்லுக்குப் போய்விட்டது.

திரும்பி வரும்போது சுவிஸ் எல்லையில் நீண்ட வரிசை. நான் பெரியம்மாவின் மேல் சாய்ந்து தூங்கிப்போயிருந்தேன். கண்ணாடி இறங்கிய சத்தத்தில் விழித்தபோது முகத்துக்கு நேரே கைவிளக்கின் வெளிச்சம். அதிகாரி நான்கு அட்டைகளையும் வாங்கி வைத்திருந்தார். ஒன்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். பெரியம்மாவின் நெஞ்சு என் காதுக்குள் அடித்தது. அதிகாரி சுவிஸ் ஜேர்மனில், மிகவும் மெதுவாக, உன் பெயர் என்ன என்று என்னைக் கேட்டார்.

பெயர் என்னிடம் ஆயத்தமாகத்தான் இருந்தது. ஊர், பாடசாலை, ரீச்சர் எல்லாம் வரிசையாக நின்றன. ஆனால் வெளிச்சத்தைக் கண்டதும் வாயில் எதுவுமே வரவில்லை. திரும்பிப் பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா!" என்று அழுதுவிட்டேன்.

அதிகாரி விளக்கை உடனே தாழ்த்தினார். பிள்ளை களைத்துவிட்டாள் போல என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டு, அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். அந்தச் சொல்லுக்கு மட்டும் எந்த நாட்டிலும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

கொஞ்சத் தூரம் போன பிறகுதான் பெரியப்பாவுக்கு மூச்சு வந்தது. "கெட்டிக்காரி!" என்று ஸ்டியறிங்கில் தட்டினார். "என்ன நடிப்படி அது!"

முன் இருக்கையில் இருந்து தர்சி, திரும்பாமலே, "அது நடிப்பில்லை," என்றாள்.

எங்கள் வீட்டு மாடிப்படியில் கால் வைக்கும் முன்பே கதவு திறந்தது. அம்மா வேலைக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது; வீட்டுச் சட்டையோடு, தலைகூட வாராமல் நின்றார். எனக்காக ஒருநாளும் லீவு சொல்லாத அம்மா. அவருக்குப் பின்னால் என் இரவுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் தலையணையையும் அணைத்தபடி நிரோ. நான் என்ன நினைத்தேனோ, என்ன நினைக்கவில்லையோ, பெரியம்மாவின் பக்கம் திரும்பி, "அம்மா, என்ர தொப்பி காருக்குள்ளை," என்றேன்.

வாய்ப்பழக்கம்தான். பகல் முழுவதும் பழகிய வாய்.

பெரியம்மா "ஐயோ" என்று சிரித்தார். தர்சி சிரிக்கவில்லை. "சின்னம்மா, இவள் நாள் முழுக்க இப்பிடித்தான்," என்றாள். "ஒருத்தரும் கேக்காத இடத்திலையும்."

அம்மா குனிந்து என் சப்பாத்தைக் கழற்றினார். பிறகு, என்னோடு எப்போதும் வா, போ என்று பேசுகிறவர், வீட்டுக்கு வந்த பிறத்தியார் பிள்ளையிடம் சொல்வது போல, "கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வாங்கோ, நிரோஷா," என்றார்.

அப்பாவுக்கு அந்த நாள் கடைசிவரை தெரியாது. அடுத்த வருடம் 'பி' வந்தது. பிறகு 'சி', பிறகு எங்களுக்கும் சிவப்புப் பாஸ்போட். அம்மாவும் நானும் அந்த ஞாயிறைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை.

கடந்த மாதம் அதே வழியால் போனபோது நான் பாஸ்போட்டுகளைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். எல்லை நெருங்க, என்னை அறியாமலே பின்னால் திரும்பி, மகளிடம் பெயரும் பிறந்த திகதியும் கேட்டிருக்கிறேன். "அம்மா, உங்களுக்கு என்ன விசரோ?" என்றாள் அவள், காதில் இருந்ததைக் கழற்றாமல். மகன் நல்ல தூக்கம். யாரும் நிறுத்தவில்லை, அதிகாரிகள் நின்ற கூண்டின் கண்ணாடியை உள்ளிருந்து கடதாசியால் மூடியிருந்தார்கள். எல்லை எந்த இடத்தில் கடந்தது என்றே என் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தூங்கிக்கொண்டே போகிற அந்த முகத்தைப் பார்த்து, பெற்ற பிள்ளை என்றும் பாராமல், எனக்குப் பொறாமையாக இருந்தது.

பூங்காவில் பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றோம். புகை மணந்தது. நான் நிரோவிடம், "அண்டைக்கு நான் உன்ர ஜாக்கெட்டோடை இஞ்சை நிண்டனான். பாவம், நீ ஓல்டனிலை சொறிஞ்சுகொண்டு கிடந்தாய்," என்றேன்.

"என்ன பாவம்?" என்றாள் நிரோ. "அண்டைக்கு முழுக்க நான்தானடி நீ. உனக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. நிரோ சொன்னாள்: கார் தெருமுனையில் திரும்பியதும் அம்மாவுக்கு ஒரு பயம் பிடித்திருக்கிறது. நிரோஷா ஜேர்மனியில் நிற்கிறாள் என்றால், இந்த வீட்டில் கிடக்கிற பிள்ளை யார்? யாராவது வந்து கேட்டால்? உடனே கட்டிலில் வந்து இருந்து, காய்ச்சலோடு கிடந்தவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறார். இண்டைக்கு நீ சுபா. என்னைச் சின்னம்மா எண்டு கூப்பிடக்கூடாது, அம்மா எண்டுதான் கூப்பிடவேணும். பின்னேரம் கீழ்வீட்டுச் சுவிஸ்காரி அப்பிள் கேக்கோடு படியேறி வந்தபோது, "சுபா, காய்ச்சல்," என்று தனக்குத் தெரிந்த ஜேர்மனில் அம்மா கட்டிலைக் காட்டியிருக்கிறார். என்னை நாலு வருடமாகப் படியில் பார்த்துவந்த அந்த மனுசி, நிரோவின் புள்ளி போட்ட முகத்தைப் பார்த்து, "பாவம் சுபா," என்றாளாம். அடுத்த கிழமை அவள் என்னை மறித்து என் கன்னத்தைத் தடவிப் பார்த்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"மனுசி போன பிறகும் சின்னம்மா விடேல்லை," என்றாள் நிரோ. "மருந்து பூசேக்கை 'சொறியாதை, சுபா'. கஞ்சி தரேக்கை 'வாயைத் திற, சுபா'. பிறகு மடியிலை படுக்க வைச்சுத் தலையைத் தடவிக்கொண்டிருந்தவ. நான் அம்மா அம்மா எண்டு கூப்பிட, ஓம் சுபா, ஓம் சுபா எண்டு. நான் நித்திரையாப் போனன் எண்டு நினைச்சும் சொல்லிக்கொண்டிருந்தவ."

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர்கள் எங்களைத் தள்ளினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அம்மா வீட்டில் இருந்திருக்கிறார். என் கட்டிலில் இருந்து, என் பெயரைச் சொல்லி, மடியில் வைத்துத் தலை தடவியிருக்கிறார். அதை வாங்கிக்கொள்ள மட்டும் நான் அங்கே இல்லை. தர்சியின் படத்தைப் பார்த்தபோது வந்த கூச்சம் அதே பற்களில் திரும்பி வந்தது. நிரோவின் முகத்தைப் பார்க்க முடியாமல், பிள்ளைகளைத் தேடுகிறவள் போல எட்டி எட்டிப் பார்த்தேன். வீடு வந்த பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மாவிடம் போனேன். அப்பா போன பிறகு ஓல்டனில் தனியாகத்தான் இருக்கிறார். அதே கட்டடம் இல்லை, அதை இடித்துவிட்டார்கள். கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அண்டைக்கு நிரோவை என்ர பேர் சொல்லிக் கூப்பிட்டனீங்களோ?"

கத்தி நிற்கவில்லை. "பின்னை என்ன செய்யிறது? ஆரும் வந்து கேட்டால்?"

"அந்த மனுசி போன பிறகும் ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"உன்னை அனுப்பிப்போட்டு இருந்தவளுக்கு வேறை என்ன வேலை? பேரையாவது சொல்லிக்கொண்டிருப்பம் எண்டு." பிறகு கத்தியை வைத்துவிட்டு, நேராக என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருடமும் நாக்கடியில் வைத்திருந்ததை அப்போதுதான் எடுத்தார். "நீ அங்கை அவவை எத்தினை தரம் அம்மா எண்டு கூப்பிட்டனி?"

நான் பலகையில் கிடந்த லீக்ஸ் துண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினேன்.

"வாசல்லை நிண்டு கூப்பிட்டாய். நான் பாத்துக்கொண்டு நிக்க. எல்லையிலை உன்னை மறிச்சுப் போடுவாங்களோ எண்டுதான் நான் பகல் முழுக்கச் செத்துக்கொண்டிருந்தனான். இஞ்சாலை அக்கா உன்னைப் பிடிச்சு வைச்சிருக்கிறா."

"சின்னப்பிள்ளைதானே, அம்மா."

"ஓம், சின்னப்பிள்ளைதான். அக்காவோடை கேட்டுச் சண்டை பிடிக்கவேணும் எண்டு எத்தினை வருசமாய் இருந்தனான். அவவும் போட்டா." லீக்ஸை மறுபடி கையில் எடுத்தார். "இனி ஆரோடை கோவிக்கிறது?"

பெரியம்மா போய் இரண்டு வருடம். தர்சி கனடாவில், பண்டிகைக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். எழுத்துகளை வைத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அளந்த தமிழ்ப் பாடசாலை வாங்குகளில் இப்போது எல்லோரிடமும் ஒரே நிறப் பாஸ்போட். எங்களைப் பெயர் கேட்ட கூண்டில் ஆளில்லை. அப்படி ஒரு பயம் இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தப் போனால் அவர்கள் அதைப் பேய்த் தெருவைவிடச் சிரிப்பான கதையாகக் கேட்கிறார்கள்.

அடுப்பில் சோறு பொங்கியது. அம்மா எழுந்து அதை இறக்கப் போனார். கூப்பிட ஒரு காரணமும் இல்லாமலே நான், "அம்மா," என்றேன்.

"என்ன?" என்றார், திரும்பாமல்.